கடைசி வாரத்துல அஞ்சு நாடா, ஒரு மலையா?

முதல்ல ஒரு டிஸ்கிளைமர். நான் எல்.கே.ஜி.ல இருந்தே இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல ஒரு பக்கத்துக்கு மேல எழுதி ரொம்ப வருஷம் ஆச்சு. ஒற்றுப்பிழை எல்லாம் எடிட்டோரியல் டீம் பார்த்துக்கும்னு நம்பித்தான் ஆரம்பிக்கிறேன்.

நம்ம காலேஜ்ல இருந்து வருஷா வருஷம் சில பேர் வெளிநாட்டுக்கு இன்டர்ன்ஷிப் போறாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி எங்களை மாதிரி சீனியர்ஸ்கிட்ட வந்து நிறைய கேட்பீங்க. குக்கர் எடுத்துட்டுப் போகலாமா, பருப்புப் பொடி எத்தனை கிலோ, எந்த சிம், எந்த பேங்க். ஆனா திரும்பி வர்றதுக்கு முன்னாடி கிடைக்கிற கடைசி வாரத்தை என்ன பண்றதுன்னு யாருமே கேட்கிறதில்ல. ஏன்னா அதுக்குப் பதில் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும். யூரோ ட்ரிப்! அந்தப் பதிலைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

என் கருத்தை முன்னாடியே சொல்லிடுறேன். அந்தக் கடைசி வாரத்துல ஒரு முழு நாளாவது, நீங்க மூணு மாசம் இருந்த ஊருக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு மலையில, அந்த ஊர்ல உங்க கூட இருந்த ஒரே ஒரு ஆளோட நடங்க. மத்த நாடெல்லாம் அதுக்கு அப்புறம்.

நான் போன வருஷம், 2025 கோடையில, ஜெர்மனியில டிரெஸ்டன்ல இருந்தேன். மே மாசம் போய் ஜூலை கடைசியில திரும்பினேன். என்னோட வேற காலேஜ் இன்டர்ன்ஸ் நாலு பேர். ஜூன்லயே வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சாச்சு. ஏழு நாள், அஞ்சு ஊர்: ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், வியன்னா, புடாபெஸ்ட், ப்ராக். ராத்திரி பஸ்ல தூக்கம், பகல்ல சுத்தல். ஆளுக்கு 450 யூரோ பட்ஜெட். நம்ம காசுல கிட்டத்தட்ட 45,000 ரூபாய்.

நான் போகல. பெரிய ஞானி மாதிரி யோசிச்சு விட்டேன்னு நினைக்காதீங்க. கையில காசு பத்தல, அவ்வளவுதான். வீட்ல கேட்டிருந்தா அம்மா எங்கயாவது புரட்டி அனுப்பியிருப்பாங்க. அதனாலயேதான் கேட்கல. அந்த நாலு பேரும் சனிக்கிழமை காலையில கிளம்பினப்ப பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய் டாட்டா காட்டிட்டு, ரூமுக்கு வந்து படுத்துட்டேன். செம கடுப்பு.

எங்க ஹாஸ்டல்ல அதே மாடியில ஒரு அண்ணன் இருந்தார். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். பிஎச்.டி. நாலாவது வருஷம். மூணு மாசத்துல அவர்கிட்ட நான் பேசினது மொத்தமே கிச்சன்லதான், அதுவும் "அண்ணே, உப்பு இருக்கா?" அளவுக்குத்தான். அன்னைக்கு சாயங்காலம் என் மூஞ்சியைப் பார்த்துட்டு அவரே கேட்டார், "என்னடே, நீ போகலையா?" காசு இல்லைன்னு சொன்னேன். "டிக்கெட் கையில இருக்குல்ல? நாளைக்கு ஞாயித்துக்கிழமை. கடை எல்லாம் பூட்டு. சும்மா படுத்துக் கிடக்காத. மலைக்குப் போவோம், வா" என்றார்.

டிக்கெட்னா டாய்ச்லாண்ட் டிக்கெட். அப்போ மாசம் 58 யூரோ. ஊருக்குள்ள பஸ், டிராம், அப்புறம் ஜெர்மனி முழுக்க லோக்கல் ரயில் எல்லாம் அதுல போகலாம், எக்ஸ்பிரஸ் ரயில் மட்டும் கூடாது. அதை வச்சிருந்தும் மூணு மாசமா நான் போனது ஹாஸ்டல்ல இருந்து லேபுக்கும், லேபுல இருந்து சூப்பர் மார்க்கெட்டுக்கும்தான்.

டிரெஸ்டன்ல இருந்து எஸ் 1 ரயில் எல்பே ஆத்தங்கரையோரமா போகும். முக்கால் மணி நேரத்துக்குள்ள வேலன்னு ஒரு ஸ்டேஷன். அந்தப் பக்கத்து மலைக்கு சாக்ஸன் ஸ்விட்சர்லாந்துன்னு பேரு. ஜெர்மனியில எதுக்கு ஸ்விட்சர்லாந்து? 18-ம் நூற்றாண்டுல டிரெஸ்டன் கலைக் கல்லூரிக்கு வேலைக்கு வந்த ரெண்டு சுவிஸ் ஓவியர்கள், ஆட்ரியன் சிங்க், ஆன்டன் கிராஃப். அவங்களுக்கு இந்த மலையைப் பார்த்ததும் சொந்த ஊர் ஞாபகம் வந்துச்சாம். அதுல வந்த பேருன்னு சொல்றாங்க. அதாவது வெளிநாட்டுக்கு வேலைக்கு வந்த ரெண்டு பேர், ஊர் ஞாபகத்துல வச்ச பேர்தான் இன்னைக்கு மேப்ல இருக்கு.

வேலன்ல இருந்து காட்டுக்குள்ள ஏறி, பாஸ்டை பாறைக்குப் போய், அங்க இருந்து இறங்கி ராத்தன் கிராமத்துக்கு வந்தோம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். வேகமா நடந்தா அரை நாள்ல முடிச்சிடலாம். நாங்க ஒரு முழு நாள் எடுத்துக்கிட்டோம். அண்ணன் காலையிலேயே எழுந்து எலுமிச்சை சாதம் கிளறி, ஒரு கிலோ தயிர் டப்பாவுல அடைச்சு எடுத்துட்டு வந்திருந்தார்.

டிரெஸ்டன் ரோட்ல எதிர்ல வர்ற யாரும் உங்களைப் பார்த்து ஹலோ சொல்ல மாட்டாங்க. ஆனா மலைப்பாதையில எல்லாரும் சொல்றாங்க. ரெண்டு கையிலயும் குச்சி ஊன்றிக்கிட்டு, எழுபது வயசுக்கு மேல இருக்கிற தாத்தா பாட்டி எல்லாம் எங்களை ஓவர்டேக் பண்ணிட்டு, சிரிச்சுட்டே ஹலோ சொல்லிட்டுப் போனாங்க. கொஞ்சம் அவமானம்தான்.

பாஸ்டை பாலம் நம்ம சிவில் டிபார்ட்மென்ட் ஆட்கள் கண்டிப்பா பார்க்கணும். பாறைத் தூண்களுக்கு நடுவுல, 40 மீட்டர் பள்ளத்துக்கு மேல, ஏழு வளைவு வச்ச மணற்கல் பாலம். நீளம் 76.5 மீட்டர். 1826-ல மரத்துல கட்டியிருந்ததை எடுத்துட்டு 1851-ல கல்லுல கட்டியிருக்காங்க. அதுல எந்த ஊருக்கும் ரோடு போகல. சுத்திப் பார்க்க வர்றவங்களுக்காகவே கட்டின பாலம்! பக்கத்துல ஆறு தெரியற மாதிரி ஒரு வியூ பாயின்ட். மணற்கல் உதிர ஆரம்பிச்சதால பழைய முனையைப் பல வருஷம் மூடி வச்சிருந்து, பாறை மேல பாரம் விழாத மாதிரி அந்தரத்துல நீட்டின புது மேடையை 2023-ல திறந்திருக்காங்க. அது மேல நின்னா ஆறு கிட்டத்தட்ட 190 மீட்டர் கீழ.

அங்க நின்னு நானும் அந்த போட்டோ எடுத்தேன். எந்த போட்டோன்னு உங்களுக்கே தெரியும். பாறை நுனி, முதுகு மட்டும் தெரியற ஒருத்தன், எதிர்ல பள்ளத்தாக்கு. நம்ம டிபி எல்லாம் அதுதானே.

ஆனா அந்த நாள்ல எனக்கு முக்கியமான இடம் பாஸ்டை இல்ல. அங்க இருந்து இறங்குற பாதை. ஸ்வீடன் பொந்துகள்னு பேரு. முப்பதாண்டுப் போர் நடந்தப்ப ஸ்வீடன் சிப்பாய்களுக்குப் பயந்து சுத்துப்பட்டு மக்கள் ஒளிஞ்சிருந்த பாறை இடுக்குகள். கிட்டத்தட்ட 700 படி. ஒரு ஆள் மட்டும் போற அளவுக்குத்தான் சில இடத்துல வழி. போன்ல சிக்னல் போயிடுச்சு. அண்ணன் முன்னாடி, நான் பின்னாடி. மூஞ்சியைப் பார்த்துக்க முடியாது.

அங்கதான் நான் சொன்னேன். "அண்ணே, என் ப்ராஜெக்ட் வொர்க் ஆகல. மூணு மாசமா ஒரு ரிசல்ட் வரல. வீட்லயும் காலேஜ்லயும் சூப்பரா போகுதுன்னு சொல்லிட்டு இருக்கேன்." அவர் திரும்பாமலே சிரிச்சார். "தம்பி, அதைத்தான் நாங்க ரிசர்ச்னு சொல்லுதோம்."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல. அப்புறம் அவர் பேச ஆரம்பிச்சார். அப்பாவுக்கு உடம்பு சரியில்ல. மூணு வருஷமா ஊருக்குப் போகல. பேப்பர் ரெண்டு தடவை திரும்பி வந்திருக்கு. எல்லாத்தையும் விட்டுட்டு ஊருக்கே போயிடலாமான்னு ஆறு மாசமா யோசிக்கிறார். "இதைத் தமிழ்ல சொல்லக்கூட இங்க ஆள் இல்லடே. வீட்ல சொன்னா பயந்துருவாங்க" என்றார்.

எனக்கு வயசு 21. நான் என்ன அட்வைஸ் சொல்ல முடியும்? எதுவும் சொல்லல. கேட்டுக்கிட்டே இறங்கினேன். கீழ ஒரு சின்ன ஏரி இருக்கு. அதோட கரையில உட்கார்ந்து மீதி இருந்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம். "அந்தப் பாறையைப் பார்த்தா எனக்கு எங்க ஊர் மலைக்கோட்டை மாதிரியே இருக்கு அண்ணே" என்றேன். எனக்கு திண்டுக்கல். "எனக்குக் காலையில ஏறும்போதே பொதிகை ஞாபகம்தான்" என்றார். அந்த சுவிஸ்காரங்க ரெண்டு பேரும் இப்படித்தான் உட்கார்ந்து பேசியிருப்பாங்க போல.

ராத்தன்ல ஆத்தைக் கடக்குற படகு பத்தி ஒரு வார்த்தை சொல்லாம விட்டா நான் எஞ்சினியரிங் ஸ்டூடன்ட்டே இல்ல. அந்தப் படகு ஆத்தோட வேகத்துலயே போகுது, இன்ஜின் ஓட்டுறதில்ல. ஆத்துல மேல்பக்கம் தூரத்துல நங்கூரம் போட்டு, நீளமான கேபிள்ல படகைக் கட்டியிருக்காங்க. படகைக் கொஞ்சம் சாய்ச்சு வச்சா தண்ணியே அதை அந்தக் கரைக்குத் தள்ளுது. முதல் வருஷம் மெக்கானிக்ஸ்ல ரிசல்டன்ட் போட்டுப் போட்டு வெறுத்தோமே, அது கண்ணு முன்னாடி சத்தமில்லாம ஆத்தைக் கடக்குது. மணி ஏழு ஆகியும் நல்ல வெயில். அந்தப் படகுல நாங்க ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல. ஆனா ரெண்டு பேருக்கும் கொஞ்சம் லேசாத்தான் இருந்துச்சு.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். "ப்ரோ, இனிமே எப்ப ஐரோப்பா போவோம்? வீசா கையில இருக்கிறப்பவே பார்த்துடணும்ல?" நியாயமான கேள்வி. நம்மில் பாதிப் பேருக்கு அது ஒரே ஒரு சான்ஸ்தான். அந்த நாலு பேர்ல ஒருத்தன் ஈஃபில் டவர் கீழ நின்னு அவன் அம்மாவுக்கு வீடியோ கால் பண்ணிக் காட்டினான். அவங்க ஊரைத் தாண்டாதவங்க. அதை வேஸ்ட்னு சொல்ற தகுதி எனக்கு இல்ல. போக முடிஞ்சா போங்க.

நான் சொல்றது வேற. அந்த நாலு பேரும் திரும்பி வந்தப்ப யாரும் யாரோடயும் பேசுற நிலைமையில இல்ல. யாரு பஸ் மிஸ் பண்ண வச்சா, யாரு எவ்வளவு தரணும்னு கணக்குதான் ஓடிட்டு இருந்துச்சு. அஞ்சு ஊர் பார்த்தாங்க, ஒருத்தரை ஒருத்தர் பார்க்க நேரமில்ல. ஏழு நாள்ல அஞ்சு ஊர்னா அடுத்த பஸ் எப்பங்கிறதுதான் முக்கியமான பேச்சு. ஒரு நாள், ஒரு மலை, ஒரு ஆள்னா பேச்சு தானா வேற எங்கயோ போகும். நடக்குறப்ப யாரும் யாரையும் இன்டர்வியூ பண்றதில்ல. பக்கத்துல காலடிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கிறதால சும்மா இருந்தாலும் தப்பா தெரியாது. சொல்லத் தோணுறப்ப சொல்லலாம்.

இன்னொண்ணு. மூணு மாசம் நமக்கு உப்பு கொடுத்தவங்களுக்கு நாம ஒரு நாள் கடன்பட்டிருக்கோம். நாம ஊருக்கு வந்துடுவோம். அவங்க அங்கயேதான் இருப்பாங்க. கிளம்புற ஜோர்ல அதை மறந்துடுறோம். காசு மட்டும் இருந்திருந்தா நானும் மறந்திருப்பேன்.

ஃப்ளைட்டுக்கு முந்தின நாள் செவ்வாய்க்கிழமை நாங்க ரெண்டு பேரும் டிரெஸ்டன்லயே ஆல்பர்டினம்னு ஒரு மியூசியத்துக்குப் போனோம். நாலு வருஷம் அதே ஊர்ல இருந்தும் அண்ணனுக்கும் அதுதான் முதல் தடவை. பாறை மேல முதுகு காட்டி நிக்கிற அந்த போஸைப் பிரபலமாக்கின ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் டிரெஸ்டன்ல வாழ்ந்தவர். 1818 வாக்குல வரைஞ்ச அந்தப் படம் இப்ப ஹாம்பர்க்ல இருக்கு. நாங்க நடந்த அந்த மலைப்பகுதியில போட்ட ஸ்கெட்ச்களைச் சேர்த்துத்தான் வரைஞ்சிருக்கார். டிரெஸ்டன்ல இருக்கிறது அதே ஆள் அடுத்த ஒண்ணு ரெண்டு வருஷத்துல வரைஞ்ச இன்னொரு படம். அதுலயும் முதுகுதான். ஆனா ரெண்டு பேர். காட்டுப் பாதையில நின்னு நிலாவைப் பார்க்கிறாங்க. சின்னவன் பெரியவர் தோள்ல கை போட்டு சாய்ஞ்சு நிக்கிறான். சின்ன படம்தான். அண்ணன் ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு நின்னார்.

அவர் என்ன முடிவு எடுத்தார்னு இங்க எழுத மாட்டேன், அது அவர் விஷயம். இவ்வளவு எழுதுறதுக்கே அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "பேர் போடாத, எலுமிச்சை சாதம் நல்லா இருந்துச்சுன்னு போடு" என்றார். நல்லா இருந்துச்சு.

வெளிநாடு போகாத ஃபைனல் இயர் மக்களே, இது உங்களுக்கும்தான். நமக்கும் இது கடைசி செமஸ்டர். கடைசி மாசம் 25 பேர் சேர்ந்து கோவா போறது இருக்கட்டும். நாலு வருஷமா பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கிறவனை ஒரு நாள் ஒரு மலைக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் ரெண்டு பேருக்கு மலைக்கோட்டைக்கு இன்வைட் கொடுத்திருக்கேன்.

ஜெர்மனி போறவங்களுக்கு மட்டும் கடைசியா சில டிப்ஸ். நல்ல கிரிப் இருக்கிற ஷூ போடுங்க, மணற்கல் படி மழையில வழுக்கும். ஆஃப்லைன் மேப் இறக்கி வச்சுக்கோங்க. அவசரத்துக்கு 112. கூட வர்றவர் கால் வலிக்குதுன்னு சொன்னா உட்காருங்க, மலை எங்கயும் போகாது. டாய்ச்லாண்ட் டிக்கெட் சந்தா மாதிரி, அதுவா நிக்காது. கிளம்புற மாசம் 10-ம் தேதிக்குள்ள கேன்சல் பண்ணிடுங்க. மறந்தா அடுத்த மாசக் காசும் போயிடும். காலி பாட்டில்களைக் குப்பையில போடாதீங்க, பலதுக்கு 25 சென்ட் வரைக்கும் திரும்பக் கிடைக்கும். எங்க படகு டிக்கெட் காசு அதுல இருந்துதான் வந்துச்சு.