மற்றபடி சௌக்கியம்

கடிதம் எழுதிய காலத்தில் நம்மவர்களுக்கு ஒரு சொல் கைகொடுத்து வந்தது. "அம்மாவுக்கு மூட்டுவலி விடவில்லை. மற்றபடி அனைவரும் சௌக்கியம்." கடிதம் போய்ச் செல்பேசி வந்த பிறகும் அந்த 'மற்றபடி' போகவில்லை. அதன் மேல் எனக்கு வெகுநாளாகக் கோபம். அதற்கு முன்னால் நிற்கும் ஒரே ஒரு சங்கதி, பின்னால் நிற்கும் அத்தனை சௌக்கியத்தையும் தின்றுகொண்டிருக்கும். சொல்லுகிறவருக்கும் அது தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். இருந்தாலும் இருவரும் சேர்ந்து அதைப் பாய்க்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள்.

என் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த வீடு, காற்றும் வெளிச்சமும் உண்டு. மனைவி மக்கள் நோய்நொடி இல்லாமல் இருக்கிறார்கள். எழுதினால் போட்டுக்கொள்ளப் பத்திரிகைகள் இருக்கின்றன. ஆனால் இரண்டு மனை தள்ளி ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. முகூர்த்தம் என்றால் முதல் நாள் மாலையே வாசல் பந்தலில் குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டிவிடுவார்கள். மெல்லிசைக் கச்சேரி முடிந்து நள்ளிரவு தாண்டியும் சினிமாப் பாட்டு ஓடும். விடியற்காலை நாலரைக்கு மறுபடியும் ஆரம்பம்.

இதைச் சொல்லிக்கொண்டால் ஆறுதல் தயாராக இருக்கிறது. "எல்லாம் இருக்கிறது, இது ஒன்றுதானே? மங்கள காரியம், பொறுத்துப் போங்கள்!"

இவர்கள் வாழ்க்கையைக் கூட்டல் கணக்காக நினைக்கிறார்கள். பத்தில் ஒன்பது நன்றாக இருந்தால் ஒன்பது பங்கு சுகமாம்! ஒரு கவளம் சோற்றில் கல் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். கடித்த பல்லிடம் மீதிப் பருக்கைகளின் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். சத்தம் இல்லாத இரவுகூட எனக்குச் சொந்தமில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுப் படுக்கிறவனுக்கு அமைதியும் ஒரு காத்திருப்புத்தான். தூங்காத மனிதன் காலையில் குழந்தையிடம் எரிந்து விழுகிறான். புத்தகத்தில் ஒரே பக்கத்தை மூன்று தரம் படிக்கிறான். அந்த ஒன்றின் வழியாக ஒன்பதும் கெடுகின்றன.

இது எழுத்தாளனின் நரம்புக் கோளாறு என்று சிரிப்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கார்லைலின் கதை பிடிக்கும். லண்டன் செல்ஸியில் நல்ல வீடு, அறிவுள்ள மனைவி, பெரும் புகழ். அத்தனையும் இருந்தும் அண்டை வீட்டுச் சேவல்கள் அவரைப் பாடாய்ப் படுத்தின. 1853-இல் வீட்டின் உச்சியில் சத்தம் புகாத அறை ஒன்று கட்ட ஆரம்பித்தார். கட்டி முடித்த பிறகும் சத்தம் புகுந்தது. போகட்டும், சேவலுக்குச் சட்டம் தெரியாது. ஒலிபெருக்கி கட்டுகிறவருக்குத் தெரிய வேண்டாமா?

சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு விதி செய்திருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மூடிய மண்டபத்துக்குள் இருப்பவர்கள் கேட்க வைத்துக்கொள்ளலாம். தெருவுக்குக் கேட்க வைக்கக் கூடாது. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம், அவ்வளவுதான். 2005-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. டெசிபல் நம் வீட்டுக் கணக்கைப் போன்றதல்ல. 10 ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. 45 இருக்க வேண்டிய இடத்தில் 75 இருந்தால் ஆயிரம் மடங்கு! இதைத்தான் 'கொஞ்சம் சத்தம்' என்கிறார்கள்.

நானாவது ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். மண்டபத்துப் பின்சுவரை ஒட்டித் தகரக் கூரை போட்டு வாழ்கிறவன் எதைச் சாத்துவான்? மறுநாள் பரீட்சைக்குப் போகிற பெண், இரவுப் பணி முடிந்து வந்து படுக்கிற நர்ஸ், நெஞ்சு வலிக்காரக் கிழவர், இவர்களை யார் கேட்டார்கள்? நாம் பொறுமை என்று புகழ்வது பெரும்பாலும் அடுத்தவனுடைய பொறுமையை. வாய் திறக்க முடியாதவனிடம் வசூலிக்கும் வரி அது.

"பிறர் சந்தோஷத்துக்கு நீர் விரோதியா?" என்று கேட்பார்கள். இல்லை ஐயா! நாதஸ்வரம் திறந்த வெளியில், கோயில் வீதியில் முழங்குவதற்கென்றே உள்ள வாத்தியம். அதன் வாயில் மைக்கைச் செருகிக் குழாய் வழியே கொட்டுகிறவர்தான் சங்கீதத்துக்கு விரோதி. தாலி கட்டுகிற சந்தோஷம் பந்தலில் இருப்பவர்களுக்குப் போதும். மூன்றாவது தெருவில் தூங்குகிறவனுக்கு அதில் பங்கு வேண்டாம்.

ஆகவே, யாராவது தம் ஒரு குறையைச் சொன்னால் அவருடைய பாக்கியங்களை அவருக்கே எண்ணிக் காட்டாதீர்கள். அந்த ஒன்றை நிறுத்த என்ன வழி என்று கேளுங்கள். உங்கள் பெண்ணுக்கு மண்டபம் பேசப் போகும்போது, சமையல்காரரையும் பூ அலங்காரத்தையும் பேசுகிற அதே மூச்சில், "வாசலில் குழாய் கட்டக் கூடாது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முன்பணம் கொடுங்கள். அந்த ஒரு வார்த்தைக்குச் செலவு ஏதும் இல்லை. ஒரு தெரு அன்றிரவு தூங்கும்.