சோகமும் சாரீரமும்

துன்பத்தில் வெந்தவர்களுக்கே கலை சித்திக்கும் என்றோர் அபிப்பிராயம் நம் நாடக ரஸிகர்களிடையே வெகு காலமாக வழங்கி வருகிறது; அதற்கு அத்தாட்சியாக அவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளைத்தான். 1933 டிசம்பரில் அவருடைய கணவரும் நாடக நடிகருமான எஸ். ஜி. கிட்டப்பா இருபத்தெட்டு வயதுகூட நிரம்பாமல் காலமானபோது, தாமும் இருபத்தைந்து வயதே ஆகியிருந்த அந்த அம்மையார் வெள்ளைப் புடைவையும் திருநீறுமாக மேடையை விட்டு ஒதுங்கினார் என்பதும், பின்னாளில் அவர் பாடிய பாட்டுக்களில் நம் நெஞ்சை உருக்கியது அந்தச் சோகமே என்பதும் அவர்கள் வாதம். அதில் பாதியைத்தான் நான் ஒப்புக்கொள்வேன்.

சோகம் வந்து சேர்வதற்கு வெகு முன்பே அங்கே சாரீரம் இருந்தது. ரயிலில் பாடிக் காசு பெற்ற ஏழைச் சிறுமியாக இருந்து, நாடகக் கம்பெனியில் பாலபார்ட் வேஷம் கட்டி வளர்ந்து, ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் தரை டிக்கெட்டின் கடைசி வரிசைக்கும் ஒரு சொல் சிதையாமல் எட்டும்படி விடிய விடிய உச்ச ஸ்தாயியில் பாடிப் பழகியவர் அவர். 1926-இல் இலங்கையில் கிட்டப்பாவைச் சந்தித்து, வள்ளி திருமணத்தில் பரண்மீது நின்று ஆலோலம் பாடும் வள்ளியாக அவருக்கு ஈடுகொடுத்து நின்ற காலத்திலேயே ஜனங்கள் மதி மயங்கித்தான் கேட்டார்கள்.

1935-இல் அவர் பக்த நந்தனார் படத்தில் நடிக்க வந்தபோது வாங்கிய லட்ச ரூபாயைப் பற்றியே இன்றும் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் தரித்த வேஷம். கணவனை இழந்து புலம்பும் ஸ்திரீயாக அவர் வரவில்லை. தில்லையைத் தரிசிக்கத் தவித்தும் பிறப்பைக் காரணம் காட்டித் தடுக்கப்பட்ட ஒரு பண்ணையாளாக, ஆண் வேஷத்தில் வந்தார். ஆடவரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்ற அவருடைய விரதம் இதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். காரணம் எதுவாயினும், தம் சொந்தத் துக்கத்தை இன்னொருவருடைய பெருந்துக்கத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட அந்த வேஷம் அவருக்கு இடம் கொடுத்தது.

பாடுகிறவர்களுக்குத் தெரியும், அழுதுகொண்டே பாட முடியாது என்பது. அழுகை வந்தால் தொண்டை அடைக்கும், மூச்சு துண்டுபடும், சுருதி நழுவும், தாளம் தவறும். நாபியிலிருந்து எழும் மூச்சைக் கட்டி, மேல் ஸ்தாயி ஸ்வரத்தில் அசையாமல் நிற்கிற அந்தக் கணத்தில் பாடகர் தம் துக்கத்துக்கு எஜமானராக இருக்கிறாரே ஒழிய அதற்கு அடிமையாக இல்லை. சோகத்தைக் கருணை ரஸமாக மாற்றும் ரஸவாதம் ஒன்று உண்டு என்று மனப்பூர்வமாக நம்புகிறவன் நான். ஆனால் அந்தச் சக்தி சோகத்தினிடத்தில் இல்லை, இருபது வருஷ அப்பியாசத்தினிடத்தில் இருக்கிறது. அந்த நாளில் நம் அக்கிரகாரங்களிலும் குடியானவர் வீடுகளிலும் இளம் வயதிலேயே தாலியை இழந்து மூலையில் ஒடுங்கிப்போன பெண்கள் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களுடைய துக்கம் சுந்தராம்பாளின் துக்கத்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. வித்தையும் மேடையும், செவி கொடுத்துக் கேட்க ஒரு சபையுமே அவர்களுக்கு வாய்க்கவில்லை.

1953-இல் ஔவையாராகவும், 1964-இல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகளாகவும் அவரைப் பார்த்தவர்கள், அந்தக் கண்டத்திலிருந்து புறப்பட்டது புலம்பல் அல்ல, ஆக்ஞை என்பதை உணர்ந்திருப்பார்கள். கணவனைப் பறிகொடுக்கப் போகும் கண்ணகிக்கு மதுரை வரை வழித்துணையாக நடக்கும் துறவியின் வேஷத்தை, அந்த இழப்பை முப்பது வருஷங்களுக்கு முன்பே அனுபவித்துவிட்ட ஒருவர் ஏற்று நடித்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய வள்ளி திருமணம் நடத்தி, விழாக்காலம் முடிந்ததும் வருமானமின்றித் தவிக்கும் நடிகர்களைப் பார்த்து, வறுமைதான் உங்கள் கலைக்கு உரம் என்று பொன்னாடை போர்த்திப் பேசுகிற பிரமுகர்கள் பெருகிவிட்டதுதான். அது கொடிய பேச்சு. லட்ச ரூபாய் கைக்கு வந்த பிறகும், சொந்த ஊரில் தம் பெயராலேயே ஒரு தியேட்டர் கட்டிய பிறகும் சுந்தராம்பாளின் சாரீரத்தில் ஒரு இழைகூடக் குறையவில்லை. நலிந்த கலைஞர்களுக்காக அரசு ஒதுக்கும் மாத உதவித்தொகை, ராஜபார்ட் வேஷம் கட்டியவர் படுக்கையில் விழுந்த பிறகு வந்து சேராமல், அவர் மேடையில் நிற்கும்போதே வந்து சேரட்டும். அவரிடம் பாடம் கேட்க வரும் பிள்ளைகளுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கட்டும்.