சேலத்து முன்சீப்புக்கு எத்தனை புள்ளி?

போன மாதம் சக சிற்றிதழ் ஒன்றில் ஒரு யோசனை வந்திருந்தது. தமிழ்ச் சிற்றிதழ்களைத் தரவரிசைப்படுத்த வேண்டுமாம். முனைவர் பட்ட ஆய்வேடுகளில் எந்த இதழை எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணி ஆண்டுதோறும் பட்டியல் போட்டால், யாருக்கு உண்மையில் செல்வாக்கு, யாருடையது வெறும் வாய்ச்சவடால் என்பது தெரிந்துவிடும் என்கிறார் கட்டுரையாளர். அதே வாரம் நம் பக்கத்திலேயே ஓர் ஆய்விதழுக்குப் பரிசளிப்பு விழா. மேடையேறியவர்களில் ஒருவர்கூட அதில் வந்த ஒரு கட்டுரையின் தலைப்பைச் சொல்லவில்லை. ‘இம்பாக்ட் ஃபேக்டர் ஆறு புள்ளி சொச்சம்’ என்பதை மட்டும் மாறி மாறிச் சொன்னார்கள். அந்த ஆறு புள்ளியைக் கொடுத்தது யார் என்று கேட்பாரில்லை. பணம் கட்டினால் காரணியும் சான்றிதழும் சேர்த்து அனுப்பும் கடைகள் இருப்பது கைதட்டியவர்களுக்கும் தெரியும்.

பரிசை விட்டுவிடலாம். பொன்னாடைக்குப் பரிசு, பரிசுக்குப் பொன்னாடை என்பது இங்கே பழகிய கொடுக்கல் வாங்கல். உறுத்துவது அந்த யோசனைதான். எழுதியவர் விவரம் தெரியாதவர் அல்லர். அமைப்பியல் காலத்திலிருந்து நம்மோடு சண்டை போட்டு வருகிறவர், பிரதியின் அர்த்தம் வாசகனிடம் இருக்கிறது என்று நமக்கே பாடம் எடுத்தவர். அவர் இப்போது அடிக்குறிப்பை எண்ணச் சொல்கிறார்.

எண்ணுவது பாவம் என்று நாம் சொல்லவில்லை. 1927இல் அமெரிக்காவில் கிராஸ் என்ற ஒரே பெயருள்ள இருவர் ஒரு வேதியியல் இதழின் முந்தைய ஆண்டுத் தொகுதியை எடுத்துவைத்து அதன் மேற்கோள்களை எண்ணினார்கள். குறைந்த பணம் வைத்திருக்கும் கல்லூரி நூலகம் எந்தெந்த இதழ்களை வாங்கலாம் என்று பார்ப்பதுதான் நோக்கம். அது ஒரு கொள்முதல் பட்டியல். நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1948இல் இங்கிலாந்தில் நடந்த நூலகர் மாநாட்டில், நூலகத் துறைக்கும் ஓர் அளவியல் வேண்டும் என்றார். கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் அவர். 1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், நான்காவது விதி வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அந்த விதிகளில் வாசகர் இருக்கிறார், புத்தகம் இருக்கிறது, வளரும் நூலகம் இருக்கிறது. எழுதியவருக்கு மார்க் போடும் வேலை எந்த விதியிலும் இல்லை. ரங்கநாதனைப் பற்றி இன்னும் பத்துப் பக்கம் எழுத ஆசைதான், காகித விலை விடவில்லை.

1955இல் யூஜின் கார்ஃபீல்டு மேற்கோள் அட்டவணை யோசனையை முன்வைத்தபோது முன்மாதிரியாகக் காட்டியது வக்கீல்களின் அட்டவணையை. அமெரிக்காவில் 1873 முதல் ஷெப்பர்டு அட்டவணை என்று ஒன்று உண்டு. ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன என்று அது காட்டும். அதோடு நில்லாமல், பின்பற்றினார்களா, கண்டித்தார்களா, ரத்து செய்தார்களா என்று பக்கத்தில் ஒரு குறியெழுத்தும் போட்டிருக்கும். அந்த எழுத்து இல்லையென்றால் வக்கீல் செத்த தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போய் அவமானப்பட வேண்டியதுதான். 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளிவந்தபோது எண்ணிக்கை வந்து சேர்ந்தது, குறியெழுத்து வழியில் விழுந்துவிட்டது. எழுபதுகளின் நடுவில் அதே எண்ணிக்கையைக் கொண்டு இதழ்களுக்கு வரிசை போட ஆரம்பித்தார்கள்.

நம் சண்டை முழுவதும் தொலைந்துபோன அந்த எழுத்துக்காகத்தான். வையாபுரிப் பிள்ளையின் கால ஆராய்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் ஆய்வேடுகளில் அவர் பெயர் வராத இடம் குறைவு. அப்படி வரும் இடங்களில் பாதி, அவரைத் திட்டுவதற்காகவே வருகிறது. திட்டியவர், தொழுதவர், படிக்காமலே அடுத்தவரின் அடிக்குறிப்பிலிருந்து பெயர்த்து எழுதியவர், எல்லோரும் அவருக்கு ஆளுக்கொரு புள்ளி. அந்தக் கூட்டுத்தொகையை வைத்து யாருடைய செல்வாக்கை அளப்பது? அவருடையதையா, அவர் எதிரிகளுடையதையா?

மேற்கோள் என்பது என்னவென்று தமிழுக்கு வெளியிலிருந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யாப்பருங்கல விருத்தியைப் புரட்டிப் பாருங்கள். உரைகாரர் யார் என்பதிலேயே இன்னும் வழக்கு இருக்கிறது. ஆனால் அவர் எடுத்துக்காட்டிய பாடல்கள் வழியாக மட்டுமே நமக்குத் தெரியவந்த நூல்கள் எத்தனை! வளையாபதி என்ற காப்பியத்தில் இன்று கையில் இருப்பவை எழுபது சொச்சம் பாடல்கள். அவையும் உரைகாரர்களும் புறத்திரட்டைத் தொகுத்தவரும் எடுத்துவைத்ததால் பிழைத்தவை. குண்டலகேசியின் கதி அதைவிட மோசம். மயிலை சீனி. வேங்கடசாமி மறைந்துபோன நூல்களைத் தேடித் தொகுத்தபோது அவர் தோண்டிய நிலம் முழுவதும் இந்த மேற்கோள்கள்தாம். ஏடு செல்லரித்துப் போன பிறகும் ஒரு கவிதை இன்னொருவர் உரையில் ஒதுங்கி எண்ணூறு ஆண்டு உயிரோடு இருந்திருக்கிறது. தொல்காப்பியரோ ‘என்ப’ என்றும் ‘என்மனார் புலவர்’ என்றும் தமக்கு முந்தியவர்களை வரிசையாகச் சாட்சிக்கு அழைக்கிறார், ஒருவர் பெயரையும் சொல்வதில்லை. கணினியில் ஏற்றினால் அத்தனையும் விடுபட்டுப்போகும் தரவு.

இம்பாக்ட் ஃபேக்டரின் சூத்திரம் இரண்டே ஆண்டுகளைத்தான் பார்க்கும். முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓர் இதழில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அடுத்தடுத்த கட்டுரைகள் ஒன்றையொன்று துரத்தும் ஆய்வுக்கூடத் துறைகளுக்கு இது ஓரளவு பொருந்தலாம். தமிழ்ப் பதிப்புத் துறைக்கு இரண்டு ஆண்டு என்பது பாடபேதம் ஒப்பிட்டு முடிக்கவே போதாது. இதில் தலையங்கக்காரர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. வகுக்கும் எண்ணில் தலையங்கம் சேராது. ஆனால் தலையங்கம் காட்டும் மேற்கோள்கள் மேலே கூடிக்கொள்ளும். 2007இல் குரல் மருத்துவ இதழ் ஒன்றின் ஆசிரியர்கள் இந்தக் கேலிக்கூத்தை அம்பலப்படுத்தவே ஒரு தலையங்கம் எழுதி, முந்தைய இரண்டு ஆண்டுகளில் தங்கள் இதழில் வந்த கட்டுரைகள் அனைத்தையும் அதில் மேற்கோள் காட்டினார்கள். காரணி 0.66இலிருந்து 1.44ஆக ஏறியது. படிகவியல் இதழ் ஒன்றின் கதை இன்னும் வேடிக்கை. 2008இல் அதன் காரணி 2.051, அடுத்த ஆண்டு 49.926. ஒரு மென்பொருளின் வரலாற்றைச் சொல்லும் ஒரே ஒரு கட்டுரை செய்த வேலை அது. மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் இந்தக் கட்டுரையைக் குறிப்பிடலாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. மற்றக் கட்டுரைகள் ஒரே இரவில் மேதைமை அடைந்துவிடவில்லை.

சக இதழ் நண்பர் செல்வாக்கு என்கிறார். நம் ஊர்க்காரர் ஒருவரின் செல்வாக்கை அவர் எப்படி அளப்பார் என்று பார்க்கலாம். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்க உ.வே. சாமிநாதையர் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் என்று ஐயர் அடுக்கினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் சொன்ன பட்டியல், நீளத்துக்குக் கேட்கவா வேண்டும். முதலியார் அசரவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். பிறகு சிந்தாமணிப் பிரதியையும் தேடிக் கொடுத்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. பட்டியலை மதிக்காத ஒரு மனிதர் கேட்ட கேள்வியிலிருந்து கிளம்பியது இது. மேற்கோளை எண்ணிப் போடும் எச்-இண்டெக்ஸ் கணக்கில் முன்சீப்புக்குப் பூஜ்யம். தீர்ப்பு எழுதிப் பழகியவர் என்பதால், எடுத்தாள்வது வேறு, ஏற்றுக்கொள்வது வேறு என்பது அவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

இனி நடப்புக்கு வருவோம். 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு ஏபிஐ புள்ளி வைத்தது. கட்டுரைக்கு இத்தனை, புத்தகத்துக்கு இத்தனை. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் ஈசல் மாதிரி கிளம்பின. அவற்றை ஒழிக்க 2017இல் அங்கீகரிக்கப்பட்ட இதழ்களின் பட்டியல் வந்தது. அதில் சில தமிழ்ச் சிற்றிதழ்களுக்கும் இடம் கிடைத்தது, நாமும் உள்ளூர மகிழ்ந்தோம். 2018 மே மாதம் ஒரே அறிவிப்பில் 4,305 இதழ்கள் நீக்கம். 2019இல் கேர் லிஸ்ட். 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, 36 அளவுகோல்களைக் கையில் கொடுத்து, நிறுவனங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பட்டியலை நம்பி இன்னொன்று, அதை நம்பி மற்றொன்று. கட்டுரையைப் படித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது, இல்லை என்று சொல்லும் ஒரு ஆளை நியமிக்க வேண்டும் என்று மட்டும் இந்தப் பதினைந்து ஆண்டில் யாருக்கும் தோன்றவில்லை.

இது எங்கே போய் முடியும் என்று ஆத்தூர், இராசிபுரம் பக்கத்து மரவள்ளி விவசாயியைக் கேட்டால் தெரியும். ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று இருந்தால் நல்ல விலை என்று சந்தையில் ஆனது. வெள்ளைக்காக ரசாயனம் கலக்கும் ஆலைகள் முளைத்தன. அதிகாரிகள் சோதனை போட்டு மூட்டைகளைப் பறிமுதல் செய்வது நாளிதழ்களின் சேலம் பக்கத்தில் வாடிக்கையான செய்தி. அளவுகோல் வெண்மை என்றால் சரக்கு வெளுக்கத்தான் செய்யும், கிழங்கின் கதி என்னவானாலும்.

ஆனால் அளவுகோலைக் குற்றம் சொல்லி நாம் மட்டும் நல்லவர்களாகிவிட முடியாது. நம் பக்கம்தான் தமிழ்நாட்டுக்கே மார்க் வியாபாரம் கற்றுக்கொடுத்தது. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் பெற்ற மாநில ரேங்குகளை ஊரே பிளக்ஸ் வைத்துக் கொண்டாடியது. பிராய்லர் பள்ளி என்று பெயர் வைத்துச் சிரித்ததும் அதே ஊர்தான். பதினோராம் வகுப்புப் புத்தகத்தைத் தொடாமல், இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தார்கள். 2017இல் அரசு ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது, 2017-18 முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தது. பலகைகளில் ரேங்க் அழிந்து நீட் மதிப்பெண் ஏறியது. பதினோராம் வகுப்பைத் தாண்டிக் குதித்து வந்த அந்தப் பிள்ளைகள் இன்று உதவிப் பேராசிரியர்கள். கேள்வித்தாளில் வராததைப் படிக்கக் கூடாது என்று பதினாறு வயதில் சொல்லிக்கொடுத்துவிட்டு, புள்ளி தராத கட்டுரையை ஏன் எழுத மாட்டேன் என்கிறாய் என்று முப்பத்தைந்து வயதில் கேட்டால் அவர்கள் என்ன சொல்வார்கள்? மாதம் முழுக்க வகுப்பெடுத்து, சேர்க்கைக் காலத்தில் வீடு வீடாகப் போய் மாணவரைப் பிடித்துக்கொண்டு வந்து, பாதிச் சம்பளத்தில் சுயநிதிக் கல்லூரியில் நிற்கிறவரிடம் ஆய்வு அறம் பேசுவது கூச்சமான காரியம். அவரை நாம் குறை சொல்லவில்லை. அவருடைய புள்ளியை வைத்துச் சிற்றிதழுக்குச் செல்வாக்கு அளக்கலாம் என்கிறவரைத்தான் சொல்கிறோம்.

சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ பத்திரிகையை எந்த ஆய்வேடு எத்தனை முறை குறிப்பிட்டது என்று யாராவது எண்ணிக்கொள்ளட்டும். புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு அவர் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கிய நாட்களில், வாங்கிய மாணவன் ஒருவன் அதை இன்னொருவனுக்குக் கொடுத்து, அவன் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டதில் புதுக்கவிதை பரவியது. திருப்பித் தராத பிரதிகளுக்கு அட்டவணை கிடையாது.

கட்டுரை வெளியானதற்குச் சான்றிதழ் கேட்டு எழுதும் ஆசிரிய நண்பர்களுக்கு: நம்மிடம் ரப்பர் ஸ்டாம்பு இல்லை, செய்யும் உத்தேசமும் இல்லை. வெளியீட்டுக் கட்டணம் என்று பணம் அனுப்பியவர்களுக்கு அது சந்தாவில் வரவு வைக்கப்படும். இந்த இதழில் யாப்பருங்கல விருத்தி பற்றிய கட்டுரை முப்பது பக்கத்தைத் தாண்டிவிட்டது. அதனால் கவிதைப் பக்கங்கள் பாதியாகக் குறைந்தன. கவிஞர்கள் சண்டைக்கு வரலாம், கடிதப் பகுதியில் இடம் வைத்திருக்கிறோம்.