டேப்பட் சத்தம் கேட்டால் கேட்கட்டும்

"சார், டேப்பட் சத்தம் வருது, டைட் பண்ணிடலாம்." போன வாரம் தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் பையன் சொன்னதும் வண்டிக்காரர் சந்தோஷமாகத் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதுதான் ஓடி வந்த என்ஜின், கை வைக்க முடியாத சூடு. காதை மட்டும் நம்பி, சத்தம் நிற்கும்வரை திருகினான். "ஃபீலர் கேஜ் எங்கே தம்பி?" என்றேன். "அதெல்லாம் காருக்கு சார்."

பையனை மட்டும் சொல்லிப் பயனில்லை. ராஜ்தூத், யெஸ்டி என்று இரண்டு ஸ்ட்ரோக்கில் பழகியவர்கள் நாம். அவற்றில் டேப்பட்டே கிடையாது. நாலு ஸ்ட்ரோக்குக்கு மாறியதும் அந்த 'டிக் டிக்' நமக்கு நோயாகப்பட்டது. சத்தம் கூடாது என்று கேட்டு வாங்கியது நாம்தான்.

வால்வுக் காம்புக்கும் ராக்கருக்கும் நடுவே வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. சின்ன என்ஜின்கள் பலவற்றில் பத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சூட்டில் வால்வு நீள இடம் வேண்டாமா? இல்லையென்றால் சீட்டில் முழுதாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் இறக்கி வைப்பதே சீட்டில் உட்காரும் நேரத்தில்தான். ஓட ஓட வால்வு சீட்டுக்குள் அமுங்கி, இடைவெளி தானாகக் குறைவதும் உண்டு. அப்போதும் சத்தம் அடங்கும்; நாம் மகிழ்ந்துகொண்டிருப்போம்.

நானும் மகிழ்ந்தவன்தான். கொஞ்ச நாளில் கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் இறங்க ஆரம்பித்தது. மகளைப் பரீட்சைக்கு அழைத்துப் போன அன்று சிக்னலில் நின்ற வண்டி கிளம்பவே இல்லை; அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். ஹெட்டைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் எலி கடித்த மாதிரி இருந்தது. சம்பளத்தில் பாதி போயிற்று. அதற்குப் பிறகு வேறொரு சர்வீஸ் சென்டரில் 'டேப்பட் செட்டிங்' என்று பில் போட்டார்கள். மூடி போல்ட்டில் நான் வைத்திருந்த பெயிண்ட் பொட்டு கலையாமல் அப்படியே இருந்தது!

ராத்திரி முழுக்க ஆறிய வண்டியைக் காலையில் கொண்டுபோய் நிறுத்துங்கள். மேக்னட்டில் 'டி' குறி நேராக வரும்போது இரண்டு ராக்கரும் லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் இன்னொரு சுற்று. வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவு கேஜ் மெல்ல உரசி நுழைய வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது அளவு நகரும், அதனால் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பழைய இரும்பு என்ஜின் புல்லட்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்; உங்களுக்கு கேஜ் தேவையில்லை. ஆறிய என்ஜினில் புஷ் ராட் விரலால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது, அவ்வளவுதான்.

மற்றவர்கள் மூடி திறக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். டீ குடிக்கப் போகாதீர்கள்.