தட்டியிலே ஒரு முகம், கல்லிலே ஒரு முகம்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் போதும், தென்காசிச் சாலை நெடுகிலும் முகங்கள் முளைத்துவிடுகின்றன. அருவிக்கு முன்னால் தட்டிதான் கண்ணில் படுகிறது. கூப்பிய கை, சுருக்கமில்லாத கன்னம்! அறுபது வயதுக்காரருக்கு முப்பது வயது முகம்! "சித்திரம் என்றால் இப்படி அழகாக இருக்கவேண்டும், கூலிக்காரனுக்கு அதில் என்ன வேலை?" என்று உபதேசிக்கும் கனவான்களும் இந்தக் கூட்டத்தார்தான்.

அவர்களுக்கு நாம் வேறொரு முகத்தைக் காட்டுகிறோம்.

கேத்தே கோல்விட்ஸ் என்ற ஜெர்மன் பெண்மணி 1934-இல் தம் முகத்தைத் தாமே கல்லச்சில் வரைந்தார். தளர்ந்த தசை, களைத்த கண், முதுமை எதையும் அவர் மறைக்கவில்லை.

யார் இவர்? பெர்லினில் ஏழைத் தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரின் மனைவி. 1844-இல் எழுந்த நெசவாளர் கிளர்ச்சியை மனதில் கொண்டு அச்சுச் சித்திரங்கள் செய்தார். 1898-இல் அதற்குப் பதக்கம் கொடுக்கலாம் என்றது நடுவர் குழு. கூடாது என்றான் கெய்சர். அடுத்து, விவசாயிகளின் யுத்தத்தை வரைந்தார். 1914-இல் மகனைப் போர் விழுங்கியது. 1919-இல் பிரஷ்யக் கலை அகாடமியில் உறுப்பினரானார். 1928 முதல் அச்சுச் சித்திர வகுப்பை நடத்தினார். கம்யூனிஸ்ட் கட்சியில் அவர் உறுப்பினர் அல்ல. ஆனாலும் ஹிட்லரைத் தடுக்க சோஷலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் ஒன்றுபடவேண்டும் என்ற அறிக்கையில் கையெழுத்திட்டார். 1933-இல் நாஜிகள் அவரை அகாடமியிலிருந்து வெளியேற்றினார்கள். அடுத்த ஆண்டு வரைந்த முகம்தான் இது. வேலை பறிக்கப்பட்ட ஆசிரியையின் முகம்!

ஏன் கல்லில் வரைந்தார்? எண்ணெய்ப் பசையுள்ள கட்டியால் கல்லில் கோடு போட்டுத் தண்ணீர் தடவினால், மை கோட்டில் மட்டுமே பிடிக்கும். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்ற நமக்கா இது புரியாது? ஒரே கல்லிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம். ஜமீன் மாளிகைக் கூடத்துக்கு ஒன்று என்றில்லாமல், ஏழை வீட்டுச் சுவருக்கும் சித்திரம் வரும்.

இந்த வித்தையை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லித்தருவது? 2012-இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. சம்பளம் மாதம் 5,000 ரூபாய்! மே மாதத்துக்கு அதுவும் கிடையாது. பிறகு தொகையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். நிரந்தரம் கேட்டு ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் வீதியில் நின்றார்கள். பதிலி வேலை பார்த்த மில் தொழிலாளிக்கு இந்த வேதனை தெரியாதா?

"சோற்றுக்கே வழியில்லை, சித்திரம் எதற்கு?" என்கிறார்கள். நாம் கேட்கிறோம்: தன் முகத்தைத் தானே வரையத் தெரியாதவனுக்கு, அடுத்தவன் தட்டியிலே ஏற்றிவைத்த முகத்தைக் கும்பிடுவதைத் தவிர வேறு கதி உண்டா? நம் பெண்டுகளின் வெடித்த பாதமும், பஞ்சு படிந்த நம் தலையும் சித்திரத்தில் ஏறக்கூடாது என்பதுதான் அவர்களுடைய ஆசை!

தோழர்களே! ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் முழுநேர ஓவிய ஆசிரியர் வேண்டும். அவருக்கு முழுச் சம்பளம் வேண்டும். கூலி உயர்வுக் கோரிக்கையோடு இதையும் சேர்த்து எழுதுங்கள். மில் வாசலிலும் களத்துமேட்டிலும் பேசுங்கள். நம் முகத்தை நாமே வரைவோம்!