பெயர்ப்பலகை விழுந்தது, வீடு நிற்கிறது



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மாலையில், நம் சபைக் குடும்பம் ஒன்றைச் சந்திக்கச் சென்றிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்து, இருபது ஆண்டுகளாய்ப் பிரயாசப்பட்டு, ஓர் அறையும் அடுக்களையுமான வீட்டில் பிள்ளைகளை வளர்த்து வருகிறவர்கள். வழக்கமாய் என் குரல் கேட்டதும் ஓடிவரும் மகன் அன்று மூலையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். தகப்பனார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தாயார் மாத்திரம் கண்கலங்கி, "பாஸ்டர் ஐயா, கம்ப்யூட்டர் போச்சு. மாமாவோட கடைசிப் படமெல்லாம் அதுலதான் இருந்துச்சு" என்றார்கள்.

நடந்தது இதுதான். அவர்களுடைய பழைய கணினியில் விண்டோஸ் 10 இருந்தது. அதற்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ அந்தப் பழைய இயந்திரம் ஏற்கவில்லை. ஆகையால் பையன், விண்டோஸையும் வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் லினக்ஸையும் நிறுவினான். ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள். இதை 'டூயல் பூட்' என்பார்கள். நிறுவி முடித்துத் திறந்தபோது, எதைத் திறப்பது என்று கேட்கும் பட்டியலில் விண்டோஸின் பெயரைக் காணோம். அப்பாவுக்குப் பயந்து, புதிதாய்ச் செய்ததை அழித்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகும் என்று எண்ணி, லினக்ஸ் இருந்த பகுதியை அழித்தான். அதற்குப்பின் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற இரண்டு வார்த்தைகள் மாத்திரமே நின்றன.

மறைந்த தாத்தாவின் படங்கள், ஊர் வீட்டுப் பத்திரத்தின் நகல், மூத்த மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கான சான்றிதழ்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. மறுநாள் கடையில் கொடுத்து 'ஃபார்மட்' செய்வதென்று தகப்பனார் முடிவு செய்திருந்தார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மனம் திடுக்கிட்டது. 2009-ஆம் ஆண்டில் நானும் அப்படியே செய்தவன். கணினி திறக்கவில்லை, பழுதுபார்க்க வந்தவர், "ஃபார்மட் பண்ணிடட்டுமா?" என்றார், பொறுமையின்றி "சரி" என்றேன். எட்டு ஆண்டுகளாய்த் தட்டச்சு செய்து சேர்த்த குறிப்புகள் ஒரு மணி நேரத்தில் இல்லாமற்போயின. அவை அன்று காலைவரை பத்திரமாய் உள்ளேதான் இருந்தன என்பதைப் பின்புதான் அறிந்தேன்.

பிரியமானவர்களே, இதைப் புரிந்துகொள்ளுங்கள். பழைய முறைக் கணினிகளில், வட்டின் முதல் 512 பைட்டுகள் ஒரு பெயர்ப்பலகையைப் போன்றவை. அதில் 446 பைட்டுகள் கணினியை எழுப்பும் சிறு நிரல். 64 பைட்டுகள் வட்டு எப்படிப் பங்கிடப்பட்டுள்ளது என்னும் அட்டவணை. கடைசி இரண்டு பைட்டுகள் ஓர் அடையாளம். லினக்ஸ் தன் 'கிரப்' என்னும் வழிகாட்டியை எழுதும்போது அந்தச் சிறு நிரலை மாற்றிவிடுகிறது. அந்த வழிகாட்டியின் மீதிப் பாகம் லினக்ஸ் பகுதிக்குள் இருக்கும். அந்தப் பகுதியை அழித்தால், வழிகாட்டி பாதியில் திகைத்து நிற்கும். விண்டோஸோ தன் இடத்தில் அப்படியே இருக்கும். சாலின் வாசலில் இருந்த பெயர்ப்பலகை விழுந்ததால் உள்ளே இருக்கிற வீடுகள் இடிந்துபோகுமா? தேடி வந்தவருக்கு வழி தெரியவில்லை, அவ்வளவே.

ஆகையால் இப்படிப்பட்ட வேளையில் செய்யவேண்டியவை மூன்று.

முதலாவது, கையை எடுத்துவிடுங்கள். மறுபடியும் நிறுவுதல், ஃபார்மட் செய்தல், பகுதிகளை அழித்தல் ஆகிய ஒன்றையும் செய்யாதிருங்கள். இழந்ததாக நாம் நினைக்கும் கோப்புகளின்மேல் புதியது எழுதப்படும்போதுதான் உண்மையான இழப்பு நேரிடுகிறது. எஸ்.எஸ்.டி. வகை வட்டுகளில் இன்னும் அதிக ஜாக்கிரதை வேண்டும். அழிக்கப்பட்ட இடத்தை வட்டே துடைத்துவிடும் ஏற்பாடு அவற்றில் உண்டு.

இரண்டாவது, முதலில் பொருள்களை வெளியே எடுங்கள். லினக்ஸை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயக்கலாம். நிறுவப் பயன்படுத்திய அதே பென் டிரைவில் 'டிரை' என்னும் வழியைத் தேர்ந்தெடுத்தால் போதும். அதிலிருந்து விண்டோஸ் பகுதியைத் திறந்து, படங்களையும் பத்திரங்களையும் வெளி ஹார்டு டிஸ்க்கிற்கு நகலெடுங்கள். பகுதியே கண்ணுக்குத் தெரியாவிட்டால், 'டெஸ்ட்டிஸ்க்' என்னும் இலவச மென்பொருள் தொலைந்த பகுதிகளைத் தேடிக் காட்டும். அதனுள் இருக்கும் கோப்புகளைப் பார்த்து உறுதிசெய்த பின்னரே அட்டவணையை எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது, அதன் பின்பே பெயர்ப்பலகையைச் சரிசெய்யுங்கள். இங்கே கணினியின் வகையை அறிவது அவசியம். பழைய முறையானால், வேறொரு கணினியில் விண்டோஸ் நிறுவும் பென் டிரைவ் தயாரித்து, அதன் பழுதுநீக்கும் பகுதிக்குள் சென்று, 'பூட்ரெக்' கட்டளையால் அந்தச் சிறு நிரலை மாத்திரம் மறுபடியும் எழுதலாம். 'யூ.இ.எஃப்.ஐ.' என்னும் புதிய முறையானால், திறக்கும்போதே எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் போன்ற விசையை அழுத்திப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி விசை மாறும். அந்தப் பட்டியலில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற பெயர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் வரிசைதான் மாறியிருக்கும். பெயரே இல்லையென்றால், அதே விண்டோஸ் பென் டிரைவில் உள்ள 'பிசிடிபூட்' கட்டளை திறக்கும் கோப்புகளை மறுபடியும் அமைத்துத் தரும்.

லினக்ஸ் நன்றாய்த் திறந்து, பட்டியலில் விண்டோஸ் மாத்திரம் இல்லாதிருந்தால் பயமே வேண்டாம். 2021-இல் வெளிவந்த கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் வேலை இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. அமைப்புக் கோப்பில் அதை அனுமதித்து, பட்டியலைப் புதுப்பித்தால் அநேகமாய் விண்டோஸின் பெயர் வந்துவிடும். நம் பையன் லினக்ஸை அழிப்பதற்குமுன் ஒருவரிடம் கேட்டிருந்தால், இவ்வளவு கலக்கம் நேர்ந்திராது.

அந்தக் கணினிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நம் சபையில் கணினி வேலை அறிந்த ஒரு தம்பி மறுநாள் இரவு வந்தார். கோப்புகளை வெளியே எடுக்க மூன்று மணி நேரம் சென்றது. பெயர்ப்பலகையைச் சரிசெய்ய ஒரு நிமிடமும் ஆகவில்லை. விண்டோஸ் திறந்தது. தாயார் முதலாவது திறந்து பார்த்தது, வேட்டியும் துண்டுமாய் ஊர் வீட்டுத் திண்ணையில் பெரியவர் உட்கார்ந்திருக்கிற படத்தை.

இனி இப்படிச் செய்ய விரும்புகிற பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். முக்கியமான கோப்புகளை முன்னதாகவே வேறோரிடத்தில் நகலெடுத்து வையுங்கள். முதலில் விண்டோஸ், பின்பு லினக்ஸ் என்ற வரிசையே எளிது. விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டிருக்கிறதோ, லினக்ஸையும் அதே முறையில் நிறுவுங்கள். விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' வசதியை நிறுத்திவிடுங்கள். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் 'பிட்லாக்கர்' பூட்டு நமக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கும். அதன் 48 இலக்கத் திறவுகோலை முதலாவது ஒரு தாளில் எழுதி வையுங்கள். நிறுவும்போது, வட்டு முழுவதையும் அழிக்கவா என்று கேட்கும் வரியை இரண்டு தரம் வாசியுங்கள். அதற்குச் சம்மதித்துவிட்டால், இழப்பது பெயர்ப்பலகையை அல்ல, வீட்டையே.

பெற்றோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். பையனின் முதல் முயற்சியில் வந்தது சிறு குழப்பம். அதைப் பெரிதாக்கியது, பயத்தில் அவன் இரகசியமாய்ச் செய்த இரண்டாம் காரியம். "அப்பா, ஒன்று கெட்டுப்போயிற்று" என்று அன்றே வந்து சொல்லும் தைரியம் அவனுக்கு இருந்திருந்தால், லினக்ஸ்கூட மிஞ்சியிருக்கும். அன்று இரவு நான் புறப்படும்போது, தகப்பனார் மகனை அருகில் அழைத்து, "அடுத்த தடவை என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்" என்றார். பையன் தலை நிமிர்ந்தான்.

உங்கள் வீட்டிலும் ஒரு நாள் அந்தக் கறுப்புத் திரை தோன்றலாம். அன்று யாரையும் கடிந்துகொள்ளுமுன், எதையும் அழிக்குமுன், ஓர் இரவு பொறுத்திருங்கள். மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.