காத்தவர் யார்?

திருக்கோகர்ணத்திலுள்ள புதுக்கோட்டை அருங்காட்சியகத்தைக் காணும்போது, பொருளைச் செய்தவர் யார் என வினவுகிறோம். காத்தவர் யார் என வினவுகிறோமா?

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கா ‘லிபரேட்டர்’ என்னும் குண்டுவீச்சு விமானங்களை 18,000-க்கும் மேலாகக் கட்டியது. போர் முடிந்தபின் ஆங்கிலேய வான்படையினர் அவற்றுட் பலவற்றைக் கான்பூரில் சிதைத்து விட்டகன்றனர். பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையார் அவற்றுட் சிலவற்றைச் செப்பனிட்டனர். 1948 முதல் 1968 வரை அவை நம் வான்படையில் பணிபுரிந்தன. அதனாலன்றோ அவற்றுள் ஒன்று இன்று தில்லியில் காட்சிதருகின்றது! 1974-இல் இங்கிருந்து பறந்துசென்ற மற்றொன்று பிரிட்டனில் நிற்கின்றது.

மாணவர்களே! போர்வீரம் போற்றத்தக்கதே. ஆயினும், சிதைந்ததைச் சீராக்கிய தொழிலாளரின் திறமும் அவ்வரலாற்றில் சமமான இடம்பெறுதல் வேண்டும். அழித்தல் எளிது, காத்தலே அரிது.